வழிவிட வேண்டியவர் யார்?

சென்ற மாரிகாலத்தில் ஒரு மாலை. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பள்ளத்து லயத்திலிருந்து, பிரசவ வேதனையுற்ற ஒரு பெண்ணை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு பெருந்தெருவை நோக்கி ஏறிக்கொண்டிருந்தோம். எதிரே, முடக்கிலே, அகன்ற கெப் வண்டியொன்று இறங்கி வந்து நின்றது. மலைக்காட்சி காண வந்த இளைஞர்கள். ஒருபுறம் கான், மறுபுறம் பள்ளம். ஏறுபவருக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும் என்பது மலைநாட்டவர் வழக்கு. சுமையோடு ஏற்றத்தில் நின்ற வண்டியை மீண்டும் கிளப்புவது எளிதன்று என்பதே அதன் காரணம். ஆயினும் பின்னால் நகர்ந்தது எங்கள் வண்டியே. நான் இறங்கி, சக்கரத்தையும் பாதை விளிம்பையும் மாறி மாறிப் பார்த்து, “வலப்பக்கம், வலப்பக்கம்” என்று கூவியபடி நடந்தேன். கெப் கடந்து சென்றது. ஓட்டிய இளைஞர் கையுயர்த்தி நன்றி கூறினார். அவரை நான் நோவதற்கில்லை. அவ்வண்டியை அம்முடக்கில் பின்செலுத்த அவருக்குத் தெரியவில்லை.

இப்பாதைகள் கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் எம் முன்னோர் மண்வெட்டியாலும் அலவாங்காலும் வெட்டியவை. மாட்டு வண்டிக்கு என்று அளந்த அகலம். 1924 இல் புகைவண்டி பதுளையை எட்டிய பின்னும், தொழிற்சாலைக்கும் ஸ்டேஷனுக்கும் இடையே தேயிலைப் பெட்டிகள் இத்தகைய பாதைகளிலேதான் சென்றன. பின்னர் துரைமார் லாண்ட் ரோவர் கொணர்ந்தனர். 1948 இல் வெளிவந்த முதல் லாண்ட் ரோவரின் அகலம் ஐந்தடிக்குச் சற்றே மேல். இன்றைய ஹைலக்ஸ் ஆறடியைத் தாண்டிவிட்டது. அமெரிக்கப் பெரும் பிக்கப் வண்டிகளோ, பக்கக் கண்ணாடிகளை நீக்கி அளந்தாலும், ஏறத்தாழ ஆறடி எட்டங்குலம். முச்சக்கர வண்டிக்கு நாலேகால் அடி போதும். வண்டிகள் வளர்ந்தன, மலை வளரவில்லை.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு எவ்வழியும் வழியே என்பார் உளர். சேற்றிலும் மண்சரிவிலும் அத்தகைய வண்டியே உதவும் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அவ்விழுவிசை ஏறுவதற்குரியது, நிறுத்துவதற்கன்று. பிரேக் எல்லா மோட்டார் வண்டிக்கும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. கனமோ மிகுதி. மழையில் ஊறிய விளிம்பு, இரண்டு தொன் எடையின் வெளிச்சக்கரத்தைத் தாங்குமா என்பதை ஓட்டுபவர் தம் இருக்கையிலிருந்து காணவும் இயலாது.

2021 மார்ச் மாதம், பசறை லுணுகலை வீதியின் பதின்மூன்றாம் கட்டையருகே, பாறை விழுந்து வழி குறுகியிருந்த இடத்தில், எதிரே வாகனம் வந்த வேளையில் பஸ்ஸொன்று பள்ளத்தில் வீழ்ந்து பலர் மாண்டனரே! அது பெருவீதி. தோட்டப் பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

அகலம் கொண்டு வருபவரே அதன் பொறுப்பையும் கொண்டு வர வேண்டும் என்பது என் துணிபு. பின்செலுத்தப் பழகாதவர் பெருந்தெருவிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடக்கட்டும். காட்சி நடப்பவர்க்கும் உண்டு. தோட்ட நிர்வாகங்களும் முடக்குக்கு முடக்கு ஒதுங்கிடம் வெட்டி, அதைக் காலியாக வைத்திருக்க வேண்டும். அன்று நாங்கள் பின்னிறங்கிய பாதையில் ஒதுங்கிடங்கள் இரண்டே. அவற்றுள் ஒன்றில் இப்போது விறகு அடுக்கியிருக்கிறார்கள்.