நகராத தாங்கியும் வழுக்கும் உளியும்

மண்வெட்டியைச் சேற்றுடன் மூலையில் சாத்தி வைக்கும் கமக்காரர் எமது ஊர்களில் அரிது. வயலில் இருந்து திரும்பும்போது வாய்க்கால் நீரில் மண்வெட்டியைக் கழுவிய பின்னரே தமது கால்களைக் கழுவுவார். கருத்தரங்கு வைத்து எவரும் இதை அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மண்வெட்டி அவருடையது, அது கறள் பிடித்தால் அடுத்த நாள் நோவது அவருடைய முதுகு.

அதே கமக்காரர் இடம்பெயர்ந்து வந்து, பொதுப் பட்டறை ஒன்றில் மரம் கடையும் இயந்திரத்தின் முன் நிற்கும்போது நிலைமை மாறிவிடுகின்றது. நாம் பார்த்த ஒரு பட்டறையில், இயந்திரத்தின் படுக்கையில், அதாவது மற்றப் பாகங்கள் நகரும் நீண்ட இரும்புத் தளத்தில், மரத்தூள் ஒரு விரல் தடிப்பில் படிந்திருந்தது. கருவித்தாங்கியை நகர்த்தச் சுத்தியலால் தட்ட வேண்டியிருந்தது. “மெசின் பழசாகிவிட்டது, புதிது கேட்டு எழுதியிருக்கிறோம்” என்றார்கள். இயந்திரத்தில் பழுது ஒன்றும் இல்லை. மாதக்கணக்கில் எவரும் அதைத் துடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இதனை நாம் சிறிய விடயமாகக் கருதவில்லை. கடைசல் வேலையில் உளியைத் தாங்குவது கருவித்தாங்கி. சுழலும் மரத்துக்கும் அதற்கும் இடையில் கால் அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருப்பது நல்லதன்று. மரம் கடையக் கடைய மெலியும், இடைவெளி கூடும். அப்போதெல்லாம் இயந்திரத்தை நிறுத்தித் தாங்கியை உள்ளே தள்ள வேண்டும். தாங்கி இலகுவாக நகர்ந்தால் வேலை செய்பவர் அதைச் செய்வார். அடித்தால்தான் நகரும் என்றால், “இந்தக் கட்டில்கால் முடியட்டும், பிறகு பார்ப்போம்” என்று விட்டுவிடுவார். இடைவெளி கூடினால் மரம் உளியின் முனையைக் கவ்விக் கீழே இழுக்கும். மரம் தெறிக்கும், அல்லது கை அடிபடும். காணியையும் கிணற்றையும் மாட்டையும் விட்டு வந்த குடும்பத்துக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கைகள்தான்.

செய்ய வேண்டியது அரை மணி நேர வேலை. முதலில் மின் செருகியைக் கழற்ற வேண்டும்; ஆளியை நிறுத்தினால் மட்டும் போதாது. காய்ந்த தூரிகையால் தூளையும் சீவலையும் தட்ட வேண்டும். தாங்கியையும், மரத்தின் மறுமுனையைப் பிடிக்கும் பின்தலையையும் படுக்கையில் இருந்து கழற்றி, அடிப்பக்கத்தையும் இறுக்கும் தகட்டையும் பார்க்க வேண்டும். தூள் கட்டியாக இறுகியிருப்பது பெரும்பாலும் அங்கேதான். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் பழைய பசையைத் துடைக்கலாம். கறளைப் பாத்திரம் தேய்க்கும் கம்பித்தும்பால் நீளவாக்கில் தேய்க்கலாம். அந்நேரம் பீடியோ நெருப்போ அருகில் இருக்கக் கூடாது. துடைத்த துணியை வெளியே காயவிட வேண்டும்.

இதன் பின்னர் பலர் படுக்கை முழுவதும் எண்ணெய் ஊற்றி விடுகின்றார்கள். ஈர எண்ணெய் மரத்தூளைப் பிடித்துக்கொள்ளும். சில நாளில் களியாகிவிடும். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் நாளடைவில் பிசுபிசுத்துப் போகும். படுக்கைக்கு ஏற்றது மெழுகு. எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டை அதில் உரைத்து, காய்ந்த துணியால் பளபளக்கத் தேய்த்தால் தாங்கி வழுக்கிக்கொண்டு போகும். தூளும் அதிகம் ஒட்டாது. ஈரக்காற்றில் கறளும் எளிதில் பிடிக்காது.

தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெயில் இரண்டொரு துளி, பின்தலையின் திருகுக்கும் இறுக்கும் பிடிகளின் மரைகளுக்கும் போதும். முனைகள் செருகும் கூம்புத் துளைக்குள் எண்ணெய் கூடாது. அங்கே வேண்டியது பிடிப்பு. பெல்ற்றிலும் எண்ணெய் படக் கூடாது. தாங்கியின் மேல் விளிம்பில் உளி பட்ட பள்ளங்களை அரத்தால் மட்டப்படுத்தி, அங்கும் மெழுகு தேய்க்கலாம். எல்லாம் முடிந்ததும் தாங்கி ஒரு கையால் தள்ள நகர வேண்டும். பூட்டினால் அசையக் கூடாது.

1990களில் வடக்கில் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் கிடைப்பது அரிதாக இருந்த காலத்தில், எமது மக்கள் நீரிறைக்கும் இயந்திரங்களைக் கழற்றித் துடைத்துப் பூட்டியே பயிர் செய்தார்கள். புதிது கேட்டு எழுத அன்று வழியில்லை. அந்தக் கவனம் எம்மை விட்டுப் போய்விட்டதாக நாம் நம்பவில்லை. பொதுச் சொத்து என்றவுடன் கை பின்வாங்குகின்றது. இயந்திரம் தருபவர்களுக்கும் இதில் பங்குண்டு. திறப்பு விழாவுக்குப் பணம் ஒதுக்குபவர்கள், தூரிகைக்கும் எண்ணெய்க்கும் ஒதுக்குவதில்லை. பராமரிக்கும் பொறுப்பை எவரிடமும் ஒப்படைப்பதுமில்லை.

ஆகவே எமது யோசனை எளியது. சனிக்கிழமை தோறும் இரண்டு குடும்பங்கள் என்று முறை வைத்து, பெயர்களைப் பட்டறைச் சுவரில் எழுதி வையுங்கள். ஆண், பெண் என்ற பேதமின்றி, இயந்திரத்தில் வேலை செய்யும் எல்லோருக்கும் முறை வரட்டும். குளத்து நீரை முறை வைத்துப் பாய்ச்சத் தெரிந்தவர்கள் நாம். இதற்கும் முறை வைக்கத் தெரியாதவர்கள் அல்லர்.

இந்தச் சனிக்கிழமையே தாங்கியை ஒரு கையால் தள்ளிப் பாருங்கள். நகராவிட்டால், புதிய இயந்திரம் கேட்டுக் கடிதம் எழுதுமுன் ஒரு மெழுகுதிரித் துண்டைத் தேடுங்கள்.