வார்டுத் தேர்தலில் பதினாறு வயதுக்கு ஓட்டு வேண்டும்

ஓட்டுரிமை வயதை 16 ஆகக் குறைக்க வேண்டும் என்றால் நம்மவர்களிலேயே சிலர் சிரிக்கிறார்கள். மீசை முளைக்காத பையனுக்கு அரசியல் என்ன தெரியும் என்கிறார்கள். தோழர்களே, சொத்தில்லாதவனுக்கு என்ன தெரியும், கைநாட்டுக்காரனுக்கு என்ன தெரியும், பெண்பிள்ளைக்கு என்ன தெரியும் என்று முன்பு கேட்டதும் இதே வாய்தான்.

ஸ்ரீவராகத்துச் சந்துகளில் குடியிருக்கும் நம் வீடுகளைப் பாருங்கள். சாக்கடை அடைத்தால், தெருவிளக்கு எரியாவிட்டால் கவுன்சிலருக்கு மனு எழுதுவது யார்? சித்தாள் வேலைக்குப் போகும் தாய்க்கு மலையாள எழுத்து தெரியாது. தேய்ப்பு வண்டி தள்ளும் தகப்பனுக்கு நேரமில்லை. பத்தாம் வகுப்பு முடித்த மகள்தான் எழுதுகிறாள். வரிசையில் நிற்பதும் அவளே. தகப்பனுடைய ஓட்டோ இன்னும் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் கிடக்கிறது! இந்த வார்டை அறிந்தவளுக்கு ஓட்டில்லை. ஓட்டுள்ளவருக்கு இங்கே பெயரில்லை.

வயது போதாதாம். 2016இல் திருத்திய சட்டப்படி 14 முடிந்த பிள்ளையை ஆபத்தில்லாத வேலைக்கு வைக்கலாம். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, கொடிய குற்றமென்றால் 16 முடிந்தவனைப் பெரியவனாகக் கருதி விசாரிக்க வழியுண்டு. கூலிக்கும் கூண்டுக்கும் முதிர்ந்த வயது வாக்குச்சீட்டுக்கு மட்டும் முதிரவில்லையா?

21 என்பது 18 ஆனது 1989 மார்ச் 28 முதல், 61ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால். அதற்கு முன்பே சில மாநிலங்கள் உள்ளாட்சித் தேர்தலில் 18ஐ ஏற்றிருந்தன. மசோதாவின் நோக்க உரையே அதைச் சொல்கிறது. தெருவில் தொடங்கியது டில்லிக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றும் 326ஆவது பிரிவு கட்டுவது மக்களவையையும் சட்டமன்றத்தையும்தான். மாநகராட்சி வாக்காளருக்கு 18 என்று வைத்திருப்பது 1994ஆம் ஆண்டின் கேரள நகராட்சிச் சட்டம். அதைத் திருத்தும் அதிகாரம் இதே நகரத்துச் சட்டமன்றத்துக்கு உண்டு. ஆஸ்திரியா 2007இல் 16 ஆக்கியது. ஸ்காட்லாந்து 2015இல் தன் உள்ளாட்சித் தேர்தலுக்கும் 16 ஆக்கியது. அங்கெல்லாம் வானம் இடிந்து விழவில்லை. 2020 டிசம்பரில் 21 வயதுப் பெண்ணை மேயராக்கிப் பெருமைப்பட்ட மாநகராட்சி இது. 16 வயதைக் கண்டு இத்தனை அச்சமேன்?

இந்தக் கோரிக்கையோடு நம் தொகுதி சட்டமன்ற உறுப்பினரிடம் கையெழுத்து மனு கொடுப்போம். 17 முடிந்த பிள்ளைகள் தேர்தல் ஆணையத்திடம் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். வார்டுப் பட்டியல் வேறு. அது மாநிலத் தேர்தல் ஆணையத்துடையது. ஒன்றில் பெயர் இருந்தால் மற்றதிலும் இருக்கும் என்று இருந்துவிடாதீர்கள். இரண்டையும் பாருங்கள், ஊரில் கிடக்கும் உங்கள் பெயரையும் இங்கே மாற்றுங்கள்.