தேவையறிந்து ஏற்றுவோம்

“ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினால் தெம்பு வந்துவிடுமே, டாக்டர்!” என்று மன்றாடும் உறவினரை நம் நெல்லைச் சீமையில் காணாதார் யார்?

ஆயினும், கனடாவில் தீவிர சிகிச்சையிலிருந்த 838 பேரை ஆராய்ந்து 1999-இல் வெளியான முடிவு வேறு. ஹீமோகுளோபின் 10 கிராமுக்குக் குறைந்ததுமே ரத்தம் பெற்றவர்களைவிட, 7 கிராமுக்குக் குறைந்த பின்பே பெற்றவர்கள் உயிர் பிழைப்பதில் பின்தங்கவில்லை. ஏற்றும் ரத்தத்தாலும் காய்ச்சல், மூச்சுத்திணறல் நேரக்கூடும். பெருமளவு ரத்தம் இழந்தோர்க்கும் இதய நோயாளிகட்கும் கணக்கு வேறு. அதை மருத்துவரே அறிவார்.

பாபநாசம் அணை நீரைக் காருக்கும் பிசானத்துக்கும் தேவையறிந்தே திறக்கிறோம். பிறர் மனமுவந்து ஈந்த குருதிக்கும் அந்நெறியே தகும்.

தோழியரே, பதினெட்டு வயது நிறைந்ததும் நாமும் குருதி கொடுப்போம். நம் வீட்டில் ஒருவர் நோயுற்றால், “ஏற்றுங்கள்” என்று வற்புறுத்தாமல், “தேவைதானா?” என்று கேட்போம். கொடுப்பதில் தாராளமும் ஏற்றுவதில் நிதானமும் காப்போம்!