கணிப்பு வந்தது, கட்டளை எங்கே?

கத்திரி வெயில் வரப்போகிறது என்று சொல்ல வானிலை நிபுணர் தேவையில்லை. பஞ்சாங்கம் பார்ப்பவரும் சொல்வார், பாராதவரும் சொல்வார். மே 4ஆம் நாள் வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் என்று நாளும் குறித்துக் கொடுப்பார்கள். ஆனால் சென்னை நுங்கம்பாக்கத்து வெப்பமானி 45 டிகிரி செல்சியசைத் தொட்டு உச்சம் காட்டிய நாள் எது? 2003 மே 31! கத்திரி கழிந்தது, இனிக் கவலையில்லை என்று பஞ்சாங்கம் விடைகொடுத்துவிட்ட பிறகு!

ஆகவேதான் நாம் விஞ்ஞானத்தின் வாயைப் பார்க்கிறோம். விஞ்ஞானமும் வாய்மூடி இருக்கவில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறை பிப்ரவரி இறுதியில் ஒரு முறையும் மார்ச்சு இறுதியில் ஒரு முறையும் கோடைக்கான கணிப்பை வெளியிடுகிறது. எந்தப் பகுதியில் வெப்பம் வழக்கத்தை மிஞ்சும், எங்கே வெப்ப அலை நாட்கள் கூடும் என்று நிறந்தீட்டிய படம் தருகிறது. பிறகு நாள்தோறும் எச்சரிக்கை: மஞ்சள் என்றால் கவனி, ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகு, சிவப்பு என்றால் செயற்படு. மெத்தச் சரி! யார் கவனிப்பது, யார் செயற்படுவது? அதைத்தான் கேட்கிறோம்.

படப்பைக்குப் போய்ப் பார்க்கட்டும், ஐயமுள்ளவர்கள். வண்டலூர் – வாலாசாபாத் சாலையில் லாரிக்குப் பின் லாரி. மேற்கே ஒரகடம், அதற்கப்பால் திருப்பெரும்புதூர். கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், தொலைபேசி என உலகச் சந்தைக்குப் போகும் பண்டமெல்லாம் உருவாகும் வட்டாரம். கடற்கரைக்கும் படப்பைக்கும் இடையே ஏறக்குறைய 25 கிலோமீட்டர். நகரத்தார் நண்பகலில் கடற்காற்று வந்துவிட்டது என்று பெருமூச்சு விடும் நேரத்தில் இங்கே அது வந்து சேர்ந்திருப்பதில்லை. தலைக்குமேல் தகரக் கூரை, பக்கத்தில் இயந்திரத்தின் அனல். வேலை முடிந்து அறைக்குத் திரும்பினால் அங்கே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தோழனும், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த தம்பியும் அந்தக் கூரையின்கீழ்தான் இரவைக் கழிக்கிறார்கள்.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. சமவெளியில் 40 டிகிரியை எட்ட வேண்டும், கரையோரத்தில் 37 டிகிரியை எட்ட வேண்டும். அதோடு வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருக்க வேண்டும் – அப்போதுதான் ஏட்டின்படி அது வெப்ப அலை. சென்னை வட்டாரத்தில் மே மாதத்து வழக்கமே 37, 38. ஆக, 41 டிகிரி கொளுத்தினாலும் அது வெப்ப அலை ஆகாமற்போகலாம்! வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று 2024 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்தது. உயிரிழந்தால் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் என்றது. நல்ல அறிவிப்பு, வரவேற்கிறோம். ஆனால் செத்த பிறகு இலட்சம் தரும் ஏற்பாடு இருக்கிறது. சாகுமுன் நிழல் தரும் ஏற்பாடு?

வெயிலோடு முடிந்துவிடுவதில்லை, கோடை. பகலெல்லாம் கொதித்த மண்ணின்மேல் காற்று எழும்புகிறது. பிற்பகலில் கிழக்கேயிருந்து ஈரங்கொண்ட கடற்காற்று நுழைகிறது. மேற்கேயிருந்து வறண்ட காற்று எதிர்த்து நிற்கிறது. இரண்டும் மோதும் இடத்தில் மேகம் கோபுரமாக உயர்கிறது. வேலூர், இராணிப்பேட்டை, காஞ்சிபுரம் பக்கம் பிறந்து, மேலைக்காற்றின் முதுகிலேறி மாலையிலும் இரவிலும் கிழக்கு நோக்கி வருகின்றன இந்த இடிமழைகள். ஒரகடமும் படப்பையும் அந்த வழியில் இருக்கின்றன. மார்ச்சு முதல் மே வரை தமிழகத்துக்குச் சராசரியாக வருவது 12.5 சென்டிமீட்டர் மழைதான். ஆனால் 2023 ஜூன் 18 இரவு பிடித்த மழை, மறுநாள் காலைக்குள் மீனம்பாக்கத்தில் மட்டும் 16 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டித் தீர்த்தது!

மழை வரட்டும், மகிழ்வோம். அதற்குமுன் வருவதுதான் மின்னல். 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் மின்னல் தாக்கி மாண்டவர் 2,887 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் காட்டுகிறது. இடிச்சத்தம் காதில் விழுகிறதென்றால் மின்னல் எட்டும் தூரத்தில்தான் நாம் நிற்கிறோம் என்று பொருள். அந்த நேரத்தில் திறந்தவெளியில் வண்டிகளை வரிசைப்படுத்துபவன் யார்? சுமை இறக்குபவன் யார்? கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்காக மரத்தடியில் ஒதுங்குபவன் யார்? குளிர்பதன அறையில் இருப்பவர் அல்லர்!

புகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஜூனில் கனடாக் காட்டுத்தீயின் புகை நியூயார்க் வானத்தைச் செம்மஞ்சளாக்கியபோது உலகமே பேசிற்று. நம் பக்கத்தில் காடு எரிய வேண்டியதில்லை, குப்பை போதும். 2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடிக் குப்பைமேடு பற்றிக்கொண்டு நாட்கணக்கில் புகைந்தது. 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் பத்து நாளுக்கு மேல் புகைந்தது. வற்றிய ஏரியின் காய்ந்த புல்லும், சாலையோரத்துக் குப்பையும் ஒரு நெருப்புப் பொறிக்கு அப்படியே இரை. காற்று அடங்கிய விடியற்காலையில் புகை மேலெழாமல் தரையோடு படுத்துக்கொள்ளும். இரவு ஷிப்டு முடித்து வருபவன் அதைத்தான் மூச்சாக இழுக்கிறான்.

முன்கூட்டித் தெரிந்த ஆபத்துக்கு முன்கூட்டிக் கட்டளை இடமுடியாதா? முடியும், இட்டும் இருக்கிறார்கள். 2018 மார்ச்சு 11இல் குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் மாண்டனர். அதற்குப்பின் தீக்காலத்தில் மலைப்பாதைகளை மூடுவதில் கண்டிப்பு வந்தது. 2023இல் ஜூன் 1 என்றிருந்த பள்ளித் திறப்பு, வெயிலை முன்னிட்டு 7 ஆகி, பிறகு 12 ஆயிற்று. மகனுக்குப் பள்ளி தள்ளிப்போயிற்று. அப்பாவுக்கு ஷிப்டு தள்ளிப்போயிற்றா?

உற்பத்தி கெடும், ஆர்டர் போய்விடும் என்பார்கள் நிருவாகத்தார். அவர்கள் வளைகுடாவைப் பார்க்கட்டும். அங்கே நடப்பது தொழிலாளர் ஆட்சியல்ல, மன்னராட்சி! அந்த ஐக்கிய அரபு நாட்டிலேயே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது. கத்தாரில் 2021 முதல் ஜூன் 1க்கும் செப்டம்பர் 15க்கும் இடையே காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை தடை. வெப்பமும் ஈரமும் சேர்ந்த அளவு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் நிறுத்த வேண்டும். நம் தோழர்கள் அங்கே போய் அந்தப் பாதுகாப்பைப் பெறுகிறார்கள். சொந்த மண்ணில் பெறவில்லை.

நம்மிடம் சட்டமே இல்லையென்று சொல்லவில்லை. 250 பேருக்கு மேற்பட்ட ஆலையில் கோடையில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் எழுதிவைத்தது. அதன் இடத்துக்கு 2025 நவம்பரில் புதிய தொகுப்பு வந்துவிட்டது. தண்ணீர் வேண்டியதுதான், ஆனால் தண்ணீர்ப் பானையைக் காட்டி வெயிலை மறைக்க முடியாது.

நாம் கேட்பது பெரிதல்ல. ஷெட்டுக்குள்ளே ஈரத்தையும் சேர்த்து அளக்கும் கருவி ஒன்று. அது காட்டும் அளவு கேட்டில் எழுதப்பட வேண்டும். ஆரஞ்சு எச்சரிக்கை வந்த நாளில் திறந்தவெளி வேலைக்கு நண்பகல் ஓய்வு. இடி கேட்டால் யார்டு காலி. பஸ் வரும்வரை நிற்க, மரத்தடியல்லாத ஒரு கட்டடம். இவற்றைத் தணிக்கை செய்யத் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம் இருக்கிறது, அதிகாரிகளும் இருக்கிறார்கள்.

அதோடு இன்னொன்று. அதுதான் முடிச்சு. ஓய்வு விட்ட மணிக்குக் கூலி யார் தருவது? நிரந்தரத் தொழிலாளிக்குச் சம்பளம் வந்துவிடும். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு, வேலை செய்யாத நேரம் வெட்டு விழுந்த நேரம். கூலி வெட்டப்படும் என்றால் அவனே நிழலைவிட்டு எழுந்து வெயிலுக்குப் போய்விடுவான், மயங்கி விழும்வரை வேலை செய்வான். எனவே ஓய்வு மணிக்கும் முழுக்கூலி, அதைத் தருவது கான்ட்ராக்டர் அல்ல, ஆலை என்று ஆணையிலேயே எழுதப்பட வேண்டும். அந்த ஒரு வரி இல்லாமல் மற்ற வரிகளை எழுதிப் பயனில்லை.