பல்கலைக்கழகம் புகுமுன்

இளங்கலைத் தேர்வுகள் முடிந்து மாணவர்கள் விடைபெறும் பருவத்தில், பெற்றோர் சிலர் எங்கள் துறை வாயிலில் காத்து நிற்பது ஆண்டுதோறும் காணும் காட்சி. சென்ற ஆண்டு வந்தவர் ஒரு மாணவியின் தந்தையார். சிறிய மளிகைக் கடை நடத்துபவர். மகள் தமிழில் முதல் வகுப்பில் தேறியவள். முதுகலையை அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பயில வேண்டும் என்பது அவள் விருப்பம். தந்தையாரோ, "அங்கெல்லாம் வாத்தியாரே இல்லைன்னு பேசிக்கிறாங்களே சார். கடனை உடனை வாங்கியாவது பெரிய தனியார் பல்கலைக்கழகமாப் பார்த்துச் சேர்த்துடலாமா?" என்றார். அருகில் நின்றிருந்த மகள், "அத்தா, நீங்க போய்ப் பார்த்தீங்களா?" என்று மெல்லக் கேட்டாள். அவருக்கு மட்டுமன்றி எனக்கும் அவ்வினா தைத்தது. மாணவர்களுக்கு ஆண்டுதோறும் வழிகாட்டும் நாமும் பெரும்பாலும் கேள்விச் செய்தியைக் கொண்டே வழிகாட்டுகிறோம்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது. மதுரைக்கு 1966இலும், திருச்சிராப்பள்ளிக்கும் கோவைக்கும் 1982இலும், திருநெல்வேலிக்கு 1990இலும், சேலத்திற்கு 1997இலும் அரசுப் பல்கலைக்கழகங்கள் வாய்த்தன. இணைவுபெற்ற கல்லூரியில் பயின்ற நம் மாணவர்கள் பெறும் பட்டத்தில் இவற்றுள் ஒன்றன் பெயரே பொறிக்கப்பெறுகிறது. ஆயினும், அப்பெயரைத் தாங்கிய பட்டம் பெறுவது வேறு. அப்பல்கலைக்கழக வளாகத்துள் அமர்ந்து பயில்வது வேறு. கல்லூரி கற்பிப்பதற்கென எழுந்தது. பல்கலைக்கழகத் துறையோ கற்பிப்பதோடு அறிவை ஆக்கவும் கடமைப்பட்டது. 1924 முதல் 1936 வரை வெளிவந்த தமிழ்ப் பேரகராதி சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆக்கம். தஞ்சையில் 1981இல் நிறுவப்பெற்ற தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடிக்கும் கல்வெட்டியலுக்கும் அகராதியியலுக்கும் தனித்தனித் துறைகள் உள்ளன. நம் மூத்தோர் பலருக்கும் நினைவிருக்கும் இன்னொரு சான்றும் உண்டு. இலங்கைப் பேரறிஞர் ம.மு. உவைஸ், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராக அமர்ந்து, பீ.மு. அஜ்மல்கானுடன் இணைந்து அவ்விலக்கியத்தின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். ஓர் இருக்கையும் ஒரு நூலகமும் உரிய மனிதரும் ஓரிடத்தில் கூடினால் நிகழ்வது இது.

நிற்க. தந்தையார் கேள்வியுற்றது முற்றும் பொய்யன்று. ஓய்வு பெற்றோரின் இடங்கள் பல துறைகளில் நெடுநாள் நிரப்பப்படாமல் கிடந்தன. கௌரவ விரிவுரையாளர்கள் குறைந்த ஊதியத்தில் அச்சுமையைச் சுமந்தனர். சென்னைப் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் தேசியத் தர மதிப்பீட்டுக் குழுவின் மிக உயர்ந்த ஏ பிளஸ் பிளஸ் தகுதியைப் பெற்றது. அதே மாதம் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. அவ்விடம் நெடுங்காலம் வெறுமையாயிற்று. 2024 பிப்ரவரியில் வருமான வரித் துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியது. உயர்தகுதியும் முடங்கிய கணக்கும் ஓராண்டுக்குள் ஒரே நிறுவனத்திற்கு நேர்ந்தவை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அச்சிடப்பெறும் தகுதிக் குறியீடு நிறுவனம் முழுமைக்கும் உரியது. நீ சேரப்போகும் துறையில் எத்தனை ஆசிரியர் உளர் என்பதை அது கூறாது.

ஆகவே, மாணவச் செல்வங்களே, பெயர்ப்பலகையை நம்பியும் சேராதீர். வதந்தியை நம்பியும் விலகாதீர். வேலை நாளொன்றில் நேரே சென்று துறையைப் பாருங்கள். நிலையான பணியிடத்தில் இருப்போர் எத்தனை பேர், அவர்களுள் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஓய்வு பெறுவோர் எவர் என்று கேளுங்கள். கேட்கக் கூச்சம் வேண்டா. முனைவர் பட்டக் கனவு உடையோர்க்கு இக்கணக்கு இன்றியமையாதது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரே காலத்தில் பேராசிரியர் ஒருவர் 8 பேருக்கும், இணைப்பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் நெறியாளராக இருத்தல் இயலாது. ஓய்வுக்கு மூன்றாண்டுகளுக்கும் குறைவான காலமே உடையவர் புதிய ஆய்வாளரை ஏற்கவும் இயலாது. ஒரு பேராசிரியர், ஓர் இணைப்பேராசிரியர், இரு உதவிப் பேராசிரியர்கள் உள்ள துறையில் ஆய்வு இடங்கள் 22. பேராசிரியர் ஓய்வு பெற்று அவ்விடம் நிரப்பப்படாவிடின் 14. ஆசிரியப் பணியிடம் காலி என்னும் செய்தி, முதுகலை முடிக்கும் மாணவனின் வாயிற்கதவில் வந்து இடிப்பது இவ்வாறுதான்.

நம் அறிவுரைகளையும் புதுப்பித்துக்கொள்ள வேண்டியுள்ளது. "முதலில் எம்.ஃபில். சேர்" என்று இன்னும் கூறும் ஆசிரியர்கள் உளர், மேற்குறித்த விதிகள் அப்பட்டத்தையே விலக்கிவிட்டன. சிறுபான்மை ஆய்வாளர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை கிடைக்கும் என ஜமாஅத் பெரியவர்கள் நம்பிக்கையூட்டுகின்றனர். அத்திட்டத்தை நிறுத்துவதாக ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் அறிவித்துவிட்டது. இளநிலை ஆய்வு உதவித்தொகை இருக்கிறது. 2023 முதல் அது மாதம் 37,000 ரூபாய். தேசியத் தகுதித் தேர்வில் உரிய இடம் பெற்றால், அரசுப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்வோர்க்கும் அது உண்டு. மளிகைக் கடைக்காரரின் மகள் கடன் வாங்காமல் முனைவராகும் வழி இது. இதற்கு முதுகலையில் போதிய மதிப்பெண் வேண்டும் என்பதை முதல் பருவத்திலேயே நினைவில் கொள்க.

சேர்க்கையில் தமிழகத்தின் 69 விழுக்காட்டு இட ஒதுக்கீடு இங்குப் பின்பற்றப்பெறுகிறது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு தனியே உண்டு. சாதிச் சான்றிதழில் அவ்வகுப்பு முறையாகக் குறிக்கப்பெற்றுள்ளதா என்று விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துவிடுதல் நலம். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் தனித்தனியே அறிவிப்பு வெளியிடுகின்றன. ஒன்றன் கடைசி நாள் மற்றொன்றற்குப் பொருந்தாது. சான்றிதழ் பற்றி ஒரு சொந்த அனுபவம். நான் பட்டமேற்படிப்புக்கு வேறொரு பல்கலைக்கழகம் சென்றபோது, இடப்பெயர்வுச் சான்றிதழுக்காக நான்கு முறை இரயிலேறினேன். மூன்று முறையும் எழுத்தர் உணவருந்தச் சென்றிருந்தார்! இன்று இணையவழி விண்ணப்பம் வந்துவிட்டது. எனினும் தேர்வு முடிவு வந்த வாரமே விண்ணப்பித்துவிடுக.

விடுதியைப் பற்றித் தாய்மார்களே என்னைவிட நன்கு விசாரிப்பர். உணவுச் செலவை மாதந்தோறும் தலைக்கு வகுத்துப் பிரிக்கும் முறையாயின் தொகை மாதத்திற்கு மாதம் மாறும். அறிவிப்பில் உள்ள கட்டணத்தை மட்டும் கொண்டு வீட்டுக் கணக்குப் போடலாகாது. வளாகங்கள் பல ஊருக்கு வெளியே அமைந்தவை. நூலகம் எத்தனை மணிவரை திறந்திருக்கும், அதன்பின் பேருந்து உண்டா என்னும் இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு, பேருந்து இல்லாத நூலகம் பூட்டிய நூலகமே.

அந்தத் தந்தையும் மகளும் ஒரு செவ்வாய்க்கிழமை சென்று பார்த்து வந்தனர். "பாடம் எடுக்கிறது மூணே பேர்தான் சார். ஆனா, நான் தேடின பழைய பதிப்பெல்லாம் அங்கே இருக்கு. ஒரு அம்மா, அவங்க ஓய்வு பெற இன்னும் ஒன்பது வருஷம் இருக்குன்னு சொன்னாங்க" என்றாள் அவள். அங்கேயே சேர்ந்துவிட்டாள். தந்தையாருக்கு முழுமனம் வந்ததாகத் தெரியவில்லை. எனினும், கடைக்குப் போகும்போதெல்லாம் அவர் என்னிடம் கேட்பது ஒன்றே: காலியாக உள்ள அந்த இரண்டு இடங்களையும் எப்போது நிரப்புவார்கள்?