கொல்லையில் டர்ஃப் போடப் போறீங்களா? புல்லுக்கு முன்னாடி தரையைப் பாருங்க!

தெருவில் ஆடினால் பைக் வருகிறது. வாடகை டர்ஃபுக்குப் போனால் மணிக்கணக்கு பார்த்துப் பணம் கட்ட வேண்டும். 'நம்ம கொல்லையிலேயே ஒண்ணு போட்டுட்டா என்ன?' என்ற பேச்சு இப்போது பல வீடுகளில் எழுகிறது.

கான்ட்ராக்டர் வந்ததும் முதலில் நீட்டுவது புல் சாம்பிள்தான். வீட்டில் எல்லோரும் அடர்த்தி, நிறம், நீளம் என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். ஆனால், டர்ஃப் உழைப்பதும் சீக்கிரமே பாழாவதும் அதற்கு அடியில் இருக்கும் தரையைப் பொறுத்தது.

ஒரு மழைக் கணக்கு

20 அடி அகலம், 40 அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 800 சதுர அடி. அதன்மேல் 1 செ.மீ மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 740 லிட்டர். ஐப்பசி அடைமழையில் ஒரே நாளில் 10 செ.மீ கொட்டினால் 7,400 லிட்டர். மண்தரையாக இருந்தவரை அதில் கணிசமான பங்கு பூமிக்குள் இறங்கியது. அடியில் கான்கிரீட் போட்டுவிட்டால் அவ்வளவு தண்ணீரும் பக்கத்து வீட்டுச் சுவரடிக்குப் போகும், அல்லது உங்கள் சமையலறை வாசலுக்கு வரும்.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது 2003-ல். மாடித் தண்ணீரைத் தொட்டிக்கு அனுப்பிவிட்டு, கொல்லைத் தண்ணீரைத் தெருவுக்குத் தள்ளுவதில் அர்த்தமில்லை.

அடித்தளம் இப்படி இருக்கட்டும்

வீட்டு உபயோகத்துக்கு ஜல்லி அடித்தளமே போதும். மேல்மண்ணை அரை அடி ஆழத்துக்கு எடுத்துவிட்டு, தரையை இறுக்க வேண்டும். அதன்மேல் பெரிய ஜல்லி, பிறகு சின்ன ஜல்லி, கடைசியாக கிரஷர் டஸ்ட். ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாக இறுக்குவது அவசியம். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மேலே ஒருமுறை ரோலர் ஓட்டினால், அடுத்த மழைக்கே குழி விழும்.

100 அடிக்கு 1 அடி என்ற கணக்கில் வாட்டம் வேண்டும். 20 அடி அகலத்துக்கு ஏறக்குறைய இரண்டரை அங்குலம். அது கண்ணுக்குத் தெரியாது, ஆட்டத்தையும் கெடுக்காது, தண்ணீரை மட்டும் நகர்த்தும். அந்த வாட்டம் மழைநீர்த் தொட்டிப் பக்கம் இருக்கட்டும். களிமண் பூமி என்றால் ஓரத்தில் துளையிட்ட குழாய் பதித்து, அதைத் தொட்டியில் சேர்த்துவிடுங்கள்.

புல்லை ஒட்டுவதற்கு முன் ஒரு சோதனை. ஹோஸ் பைப்பில் தரை முழுக்கத் தண்ணீர் விடுங்கள். அரை மணி நேரம் கழித்து எங்கேயாவது தேங்கி நின்றால், அதைச் சரிசெய்த பிறகே அடுத்த வேலை.

செப்டிக் டேங்க், சம்ப் மூடிகளைப் புல்லுக்கு அடியில் புதைத்துவிடாதீர்கள். தென்னை, முருங்கை இருந்தால் அடிமரத்தைச் சுற்றி மூன்றடி மண்ணை விட்டுவிடுங்கள். வலை கட்ட இரும்புக் கம்பம் நடும்போது, மேலே மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பார்ப்பது மிக முக்கியம்.

வெயிலுக்குப் பிறந்ததல்ல

இந்தப் புல் புகழ்பெற்ற கதை சுவாரஸ்யமானது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965-ல் ஆஸ்ட்ரோடோம் என்ற கூரை போட்ட பேஸ்பால் அரங்கம் திறக்கப்பட்டது. கண்ணாடி போன்ற கூரை வழியாக வந்த வெளிச்சத்தில் வீரர்களுக்குப் பந்து தெரியவில்லை. கூரைக்கு பெயின்ட் அடித்தார்கள். வெளிச்சம் குறைந்து புல் செத்தது. 1966-ல் அங்கே செயற்கைப் புல் விரிக்கப்பட்டது. 'ஆஸ்ட்ரோடர்ஃப்' என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

நிழலில் பேர் வாங்கிய அந்தப் பொருளை நாம் சித்திரை வெயிலில் விரிக்கிறோம். நிஜப் புல் தண்ணீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பிளாஸ்டிக்கால் அது முடியாது. உச்சி வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தண்ணீர் தெளித்தாலும் சிறிது நேரத்துக்குத்தான் தாங்கும். எனவே காலையிலும் சாயங்காலமும் மட்டும் ஆடட்டும். புறங்கையைப் புல்லில் வைத்துப் பாருங்கள். ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால், வெறுங்காலோடு குழந்தையை இறக்காதீர்கள்.

புல்லுக்கு இடையில் நிரப்பக் கறுப்பு ரப்பர் குருணை வேண்டாம். கழுவிச் சலித்த சிலிக்கா மணல் போதும். கறுப்பு ரப்பர் சூட்டை அதிகம் இழுக்கும். காலோடு ஒட்டி வீட்டுக்குள்ளும், மழையோடு மண்ணுக்குள்ளும் போகும். நுண்பிளாஸ்டிக் பிரச்னைக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் இந்தக் குருணை விற்பனைக்குத் தடை அறிவித்து, மைதானங்களுக்கு 8 ஆண்டுகள் அவகாசம் கொடுத்திருக்கிறது.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

வேலை முடிந்த பிறகும் வாரம் ஒருமுறை சருகைக் கூட்டி, படிந்த புல்லை எதிர்த்திசையில் பிரஷ்ஷால் நிமிர்த்த வேண்டும். இரவு எத்தனை மணி வரை ஆட்டம் என்பதை அக்கம்பக்கத்தாரிடம் முன்பே பேசிவிடுவது நல்லது. நன்றாகப் பராமரித்தாலும் எட்டு, பத்து ஆண்டுகளில் புல் தேய்ந்துவிடும். அப்போது கழற்றி எடுக்கும் பிளாஸ்டிக் சுருள் மக்காது.

அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், அந்த இடத்தைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பில் கோடு போட்டு, ஒரு மாதம் மண்ணிலேயே ஆடவிடுங்கள். முப்பது நாளில் இருபது நாளாவது பிள்ளைகள் இறங்கி ஆடினால் தாராளமாகப் போடலாம். நான்கு நாளோடு ஆர்வம் அடங்கிவிட்டால், பணமும் மிச்சம், மண்ணும் மிச்சம்.