பேய்க்கு யார் பவுடர் போட்டது?

பேய்ப் படங்களின் வெள்ளைச் சேலையைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் புலம்பாத வருஷம் கிடையாது. "மறுபடியுமா?" என்று அலுத்துக்கொள்கிறவர்கள் பொறுத்தருள வேண்டும். இந்த வாரம் அது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

விஸ்காம் கடைசி வருஷம் படிக்கிற அண்ணன் மகள் குறும்படம் எடுக்கிறாள். சைக்கலாஜிக்கல் ஹாரர். அம்மா செத்த பிறகு, தானே அம்மாவாக மாறிக்கொண்டிருக்கிறோமோ என்று சந்தேகப்படுகிற ஒரு பெண்ணின் கதை. கதை எனக்குப் பிடித்திருந்தது. அப்புறம் உடை, மேக்கப் பட்டியலை நீட்டினாள்: வெள்ளைச் சேலை, சவுரி, ஒரு பாட்டில் ரத்தம், கண்ணுக்கு வெள்ளை லென்ஸ்.

"ஏண்டி, இவளுக்கு மனசு கெட்டுப்போச்சா, பேய் பிடிச்சிருக்கா?"

"ரெண்டும்தான் அத்தை."

கறுப்பு வெள்ளைக் காலத்தில் வெள்ளைச் சேலைக்கு ஒரு நியாயம் இருந்தது. இருட்டில் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும். 1964-ல் 'வோ கௌன் தீ'யில் சாதனா அப்படித்தான் மழையில் நின்றார். அதே கதை 1966-ல் தமிழில் 'யார் நீ?' ஆனபோது ஜெயலலிதா. ஆனால் அந்தக் கதையில் பேயே கிடையாது. கதாநாயகனைப் பைத்தியமாக்கிச் சொத்தைப் பிடுங்க நடக்கும் நாடகம் அது. வெள்ளைச் சேலை அந்த நாடகத்தின் வேஷம். சேலையை மட்டும் எடுத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிட்டோம். போதாததற்கு, இன்றைய டிஜிட்டல் கேமராவில் பளீர் வெள்ளை கண்ணைக் கூசவைக்கும், மடிப்புகூடத் தெரியாது. வெள்ளைதான் வேண்டும் என்றால் டீ டிகாஷனில் முக்கியெடுத்துக் கொஞ்சம் மங்கவைப்பது காஸ்ட்யூமர்களின் பழைய வழக்கம்.

நான் அவளிடம் சொன்னது இதுதான்: அம்மாவின் நைட்டியைக் கொடு. ஒரே பூப்போட்ட துணியில் மூன்று அளவு தைத்துக்கொள். முதலில் தொளதொளவென்று தொங்கட்டும், நடுவில் கொஞ்சம் பிடிக்கட்டும், கடைசியில் அவளுக்கென்றே தைத்த மாதிரி உட்காரட்டும். பீரோக் கண்ணாடி ஓரத்தில் அம்மா ஒட்டிவைத்துவிட்டுப் போன மெரூன் ஸ்டிக்கர் பொட்டுகள் வரிசையாக இருக்கட்டும். காட்சிக்குக் காட்சி ஒன்று குறையட்டும். பார்க்கிறவர் எண்ண மாட்டார். ஆனால் மனசுக்குள் ஏதோ உறுத்தும். வெள்ளை லென்ஸ் கூடவே கூடாது. கண் டாக்டர் பார்த்துத் தராத லென்ஸை மலிவாக வாங்கி, ஆளுக்கு ஆள் மாற்றிப் போட்டால் கருவிழி புண்ணாகும்.

ரத்தத்துக்கு வந்தபோது, காரணமில்லாத காயம் எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன், டிக் ஸ்மித் ஞாபகம் வந்துவிட்டார். அவர் வந்தால் சீக்கிரம் கிளம்ப மாட்டார்.

'தி எக்ஸார்சிஸ்ட்' (1973) படத்துக்கு மேக்கப் செய்தவர். அதில் பேய் பிடித்த சிறுமியின் முகத்துக்கு முதலில் பயங்கரமாக என்னென்னவோ செய்து பார்த்தார்கள். இயக்குநர் ஃபிரீட்கினுக்குத் திருப்தியில்லை. கடைசியில் ஒரு காரணத்தைப் பிடித்தார்கள்: அந்தப் பெண் தன்னைத் தானே கிழித்துக்கொள்கிறாள், அந்தக் காயம் ஆறாமல் அழுகுகிறது. இப்படி ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அதே படத்தில் கிழப் பாதிரியாராக வரும் மாக்ஸ் வான் சைடோவுக்கு அப்போது நாற்பத்து சொச்சம் வயசுதான். அவர் நிஜமாகவே கிழவர் என்று நம்பியவர்கள் ஏராளம். என்னைக் கேட்டால் அந்தப் படத்தின் பெரிய மேக்கப் அந்தச் சிறுமியின் முகமல்ல, இந்தக் கிழவரின் கழுத்துச் சுருக்கம்தான்.

யேல் பல்கலைக்கழகத்தில் பல் டாக்டராகும் எண்ணத்தோடு படித்தவர் ஸ்மித். மேடை ஒப்பனை பற்றிய புத்தகம் ஒன்று கையில் கிடைக்க, தடம் மாறிப் போனார். 1945-ல் என்பிசி தொலைக்காட்சியின் மேக்கப் பிரிவுக்குத் தலைவர். அந்தப் புத்தகக் கடனை அவர் மறக்கவில்லை என்றே தோன்றுகிறது. தொழில் ரகசியத்தைப் பெட்டிக்குள் பூட்டிவைத்திருந்த காலத்தில், 1965-ல், அடுப்படிச் சாமான்களை வைத்து வீட்டிலேயே அரக்க முகம் போடப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் கையேடு ஒன்றை வெளியிட்டார். தேடி வந்த பையன்களை விரட்டவில்லை. அப்படி வந்த ரிக் பேக்கரை எக்ஸார்சிஸ்டில் உதவியாளராகவே சேர்த்துக்கொண்டார். மேக்கப்புக்கென்று ஆஸ்காரில் தனிப் பிரிவு வந்தபோது முதல் விருது அந்தச் சீடருக்கு. மொத்தம் ஏழு வாங்கினார். குருவுக்கு 'அமேடியஸ்' படத்துக்காக ஒன்று, பிறகு 2011-ல் கௌரவ ஆஸ்கார்.

இங்கே என்ன நடக்கிறது? கல்லூரி நாடகத்துக்கு ஒட்டுத்தாடி ஒட்ட வந்த மேக்கப்மேன் ஒருவரிடம், "இந்தப் பசையில என்ன கலக்குறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். பதில் சொல்லாமல் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு கலக்கினார். அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, அவருக்கும் யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். பவுடர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்று, ஓரக்கண்ணால் பார்த்தே கற்றிருப்பார். அப்படிக் கற்றது அவரோடு போய்விடும். சினிமா செட்டிலும் சபா நாடகத்திலும் ஆயிரம் முகங்களுக்கு வயசேற்றிய கைகள் இந்த ஊரில் எத்தனையோ இருந்தன. அவை செய்ததைச் சொல்லித்தர தமிழில் ஒரு நல்ல கையேட்டை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.

இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களில் ஓய்வுபெற்ற மேக்கப்மேன்களும் காஸ்ட்யூமர்களும் இருப்பீர்கள். உங்கள் தெருவிலேயே ஏதாவது ஒரு கல்லூரிப் பிள்ளை, பேய்க்கு எவ்வளவு பவுடர் போடுவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருக்கும். கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள். முடிந்தால் எழுதியும் வையுங்கள்.